நாலு டன் குளிரும் முக்கால் அங்குலக் குழாயும்

ஹூஸ்டனில் சென்ட்ரல் ஏசி விற்க வருகிறவர் பேசாத பேச்சில்லை. எத்தனை டன், சீர் எண் எவ்வளவு, இன்வெர்ட்டரா இரண்டு ஸ்டேஜா, போனில் ஆப் உண்டா என்று ஒரு மணி நேரம் ஓட்டுவார். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதை மட்டும் அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். நாலு பருவமும் இந்த யந்திரத்தோடு குடித்தனம் நடத்திய பிறகு எனக்கு அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் எழுதத் தோன்றவில்லை.

என் வீட்டில் இருப்பது நாலு டன், இரண்டு ஸ்டேஜ் மாடல். கேஸ் ஃபர்னஸோடு சேர்ந்து ஆட்டிக்கில் படுத்திருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த ஊர்க் கூரைகளுக்குக் கீழே இருக்கிற முக்கால்வாசி ஏசிகளின் கதை இதுதான். மற்ற விவரமெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர் பிரமாதம். அதைவிடப் பிரமாதம், வீட்டுக்குள் ஈரம் இல்லாதது. முதல் ஸ்டேஜில் மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவதால் காற்று உள்ளே இருக்கும் காயில் என்கிற குளிர்ச் சுருளின் மேல் நின்று நிதானமாகப் போகிறது. ஈரத்தை நன்றாக இறக்கிவிடுகிறது. வெளியே கதவைத் திறந்தால் மூக்குக் கண்ணாடி மூடுகிற ஆகஸ்ட் மாதத்தில், பொரித்த அப்பளம் சாப்பாட்டு மேஜையில் நெடுநேரம் நமுத்துப்போகாமல் கிடக்கிறது. பழைய ஏசி இருந்தபோது ரசம் ஊற்றுவதற்குள் அது துவண்டுவிடும்.

ஏசி பிறந்ததே இதற்காகத்தான். 1902-ல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல் தொல்லை கொடுத்தன. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் தன் முதல் யந்திரத்தை வடிவமைத்தார். மனிதன் சுகமாகத் தூங்குவதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட ஆசை.

சரி, இறக்கிய ஈரம் எங்கே போகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு டன் என்றால் மணிக்கு 48,000 பிடியூ. புழுக்கமான நாளில் அதில் கால் பங்கு ஈரத்தை இறக்கவே செலவாகிறது என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். பத்து மணி நேரம் ஓடினால் மூன்று குடத்துக்கு மேல். அத்தனையும் தலைக்கு மேலே, ஜிப்சம் போர்டு சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே, முக்கால் அங்குல பிவிசி குழாய் ஒன்றை நம்பி உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் குழாய் போகிற வழியும் விசேஷம். இந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் அது நேராக வெளியே போகாது. சுவருக்குள் இறங்கி, பாத்ரூமில் பல் துலக்குகிற பேசினுக்கு அடியில் வந்து சேரும். அலமாரிக் கதவைத் திறந்து குனிந்தால், பேசின் குழாயின் பக்கவாட்டில் கிளை மாதிரி ஒன்று ஒட்டியிருப்பது தெரியும். அடைப்பு பிடிக்கப் பிடித்தமான இடம் அதுதான். மேலிருந்து ஏசியின் வழவழப்பு இறங்கி வர, இங்கே பற்பசையும் சோப்பும் வந்து கைகுலுக்கும்.

வழவழப்பைப் பாசி என்பார்கள். இருட்டுக் குழாய்க்குள் பாசிக்கு என்ன வேலை? பெரும்பாலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து கட்டுகிற படலம் அது. வீட்டுத் தூசி அதற்குச் சாப்பாடு. குளிர்காலத்தில் தண்ணீர் ஓடாதபோது காய்ந்து குழாயோடு ஒட்டிக் கிடக்கும். மார்ச் மாதம் முதல் வெயில் அடித்து ஏசி ஓடத் தொடங்கியதும் ஊறிப் பெயர்ந்து மொத்தமாகக் கீழே வந்து வழியை அடைக்கும். என் வீட்டிலும் ஒருமுறை அப்படி அடைத்து ஏசி நின்றது. பேசினுக்கு அடியில் அந்தக் கிளையைக் கழற்றி, ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூமின் வாயை வைத்து, சுற்றிலும் பழைய துண்டால் இறுக்கிப் பிடித்தேன். சில நிமிடம் வெறும் இரைச்சல். அப்புறம் 'களக்' என்று ஒரு சத்தம். டப்பாவைத் திறந்தால் குழைய வெந்த ஜவ்வரிசிபோல் பழுப்பாக ஒரு பந்து. பல்லாயிரம் டாலர் யந்திரத்தை நிறுத்திவைத்தது அந்த ஒரு கைப்பிடிதான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து சீலிங்கை நனைக்காமல் இருக்க ஃப்ளோட் சுவிட்ச் என்று ஒன்று வைப்பார்கள். தண்ணீர் ஏறினால் மிதவை எழும், மின்னிணைப்பு அறும். நல்ல ஏற்பாடு. அது அறுப்பது எந்தக் கம்பியை என்பதில்தான் விவகாரம். கண்டென்சருக்குப் போகிற மஞ்சள் கம்பியில் கோத்திருந்தால் வெளி யூனிட் மட்டும் நிற்கும். உள்ளே விசிறி வெறும் காற்றை வீசிக்கொண்டிருக்கும். சிவப்புக் கம்பியில் கோத்திருந்தால் தெர்மோஸ்டாட்டுக்கு வருகிற மின்சாரமே நின்றுபோய்த் திரை இருண்டுவிடும், இல்லாவிட்டால் புரியாத பிழை எண் ஒன்று வரும். நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன் என்று கற்றுக்கொண்டு, மாதாமாதம் எவ்வளவு மிச்சப்படுத்தினேன் என்று பச்சை இலை போட்டுப் பாராட்டுகிற அந்த ஆப்புக்கு, 'ஐயா, குழாய் அடைத்திருக்கிறது' என்று ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. மிதவைக்குத் தெரிகிறது, வீட்டுக்காரனுக்குத் தெரியாது. என்ன ஸ்மார்ட்டோ.

சுவிட்ச் இல்லாத வீடுகளில் கடைசிக் காவல் வேறு. யூனிட்டுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு, அதிலிருந்து இன்னொரு குழாய். அது வேண்டுமென்றே கண்ணில் படுகிற இடத்தில், பெரும்பாலும் ஜன்னலுக்கு மேலே, வெளிச்சுவரில் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெரு மதுரைக்காரத் தம்பி ஒருநாள் கூப்பிட்டார்: "அண்ணே, ஜன்னலுக்கு மேல ஒரு பைப்புல தண்ணி சொட்டுது. மழையும் இல்ல. கூரை ஒழுகுதோ?" அந்தக் குழாயில் சொட்டு விழுந்தால் முதல் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஏசியை உடனே அணைக்க வேண்டும். வீடு விற்கும்போது சாவி கொடுக்கிறார்கள், இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வருடத்துக்கு இருமுறை வந்து பார்க்கும் பராமரிப்புத் திட்டம் என்று ஒன்று விற்கிறார்கள். நானும் எடுத்தேன். வந்தவர் பண்பானவர். டேப்லெட்டில் படம் பிடித்தார், கெபாசிட்டர் பலவீனம் என்றார், யூவி விளக்கு போடச் சொன்னார், குளிரூட்டும் கேஸ் கொஞ்சம் குறைவு என்று இழுத்தார். அந்தக் கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் வடிகிற குழாயில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அது பட்டியலில் இல்லையாம். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பத்து வருட வாரண்டி என்று வாங்கிய பிறகு, பராமரித்ததற்கு ஆதாரம் கேட்கிற கம்பெனிகள் உண்டு.

பிறகு வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கோடையில் மாதம் ஒருமுறை, காலை எட்டு மணிக்குள், ஆட்டிக் ஏணியை இறக்கி ஏற வேண்டும். மதியம் அங்கே ஐம்பது டிகிரி செல்சியஸ் தாண்டும். வீரம் காட்டுகிற இடமில்லை. குழாயின் டி வடிவ மூட்டின் மூடியைத் திறந்து ஒரு கப் வெள்ளை வினிகர், அரை மணி நேரம் கழித்துச் சாதாரணத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வெந்நீர் வேண்டாம். ப்ளீச் ஊற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் ஆவி காயில் உலோகத்துக்கு ஆகாது. தவிர, குழாய் முடிவது பாத்ரூம் பேசினில். மேலே வினிகர் ஊற்றிய நேரம் பார்த்துக் கீழே யாராவது ப்ளீச் போட்டுத் தேய்த்தால் குளோரின் வாயு கிளம்பும். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஃபில்டரும் கடைசியில் இந்தக் குழாயில்தான் வந்து முடிகிறது. கடையில் மெர்வ் 13 என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஒரு அங்குலத் தடிமனில், மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அந்தத் தடிமனில் அத்தனை நெருக்கமான வலை பல வீடுகளில் காற்றை மறிக்கும். காற்று குறைந்தால் காயில் உறையும், உறைந்தது உருகும்போது மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் தட்டில் இறங்கும். ஒரு அங்குலம்தான் இடம் என்றால் மெர்வ் 8 போதும், மாதாமாதம் மாற்றினால். நம் வீடுகளில் மாதாமாதம் என்பது கட்டாயம். அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி வெளியே தள்ளாமல் அங்கேயே சுற்றவிடுகிற ரகமாக இருந்தால், தாளிக்கிற எண்ணெய்ப்புகை ரிட்டர்ன் கிரில் வழியாக ஃபில்டரில் படிந்து, மிச்சம் எல்லா அறைகளுக்கும் பயணமாகும். கருவாடு வறுத்தால் மாடிப் படுக்கையறைக்குத் தந்தி போய்விடும். இதற்கு எந்தக் கம்பெனியிடமும் பதில் இல்லை.

மற்ற வேலைகள் சுலபம். வசந்தத்தில் ஓக் மர மகரந்தம் வெளி யூனிட்டில் மஞ்சளாக அப்பும். மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவினால் போயிற்று. பிரஷர் வாஷர் அடித்தால் அதன் மெல்லிய உலோகத் தகடுகள் மடங்கும். சுற்றி இரண்டடி செடி கொடி கூடாது. ஹூஸ்டனுக்கே உரிய தொல்லை, கிறுக்கு எறும்பு. 2002-ல் பக்கத்து பாசடீனாவில் தலைகாட்டிய இந்த ரகம் மின்பெட்டிக்குள் கூட்டமாகப் புகுந்து செத்து, தொடர்பை அடைத்துவிடும். முதல் குளிரில் ஃபர்னஸ் போட்டதும் வருகிற கருகல் வாசனை தூசிதான். சீக்கிரம் போய்விடும், போகாவிட்டால் அணையுங்கள்.

வாங்கலாமா? தாராளமாக. இந்த ஊரில் இரண்டு ஸ்டேஜுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு அப்பளத்திலேயே தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மூடி வைத்த டி மூட்டு ஏணியிலிருந்து கை எட்டும் தூரத்தில் வருமா? குழாய் அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது சரிந்து இறங்குமா? ஃப்ளோட் சுவிட்சை எந்தக் கம்பியில் கோப்பீர்கள்? என் ஓட்டு சிவப்புக்கு: திரை இருண்டால் பேசினுக்கு அடியில் குனிய வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். "அதெல்லாம் பசங்க பார்த்துப்பாங்க சார்" என்கிற ரகத்தில் பதில் வந்தால், வேறு இரண்டு பேரிடம் விலை கேளுங்கள்.