திரை என்னும் சொல்லின் மூன்று பொருள்: 'கர்ட்டன்ஸ்' (1983) படத்தில் தேர்வும் முதுமையும் கொலையும்

முன்னுரை

தமிழில் 'திரை' என்பது அரங்கை மறைக்கும் துணியைக் குறிக்கும். படம் விழும் வெண்பரப்பையும் அதன்வழித் திரைப்படத்தையும் குறிக்கும். 'நரை திரை மூப்பு' என்னும் தொடரில் முதுமையால் தோலில் விழும் சுருக்கத்தையும் குறிக்கும். கடலலை என்னும் பொருள் இங்கு வேண்டுவதன்று. ஏனைய மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தி நிற்கும் படம் ஒன்று தமிழுக்கு வெளியே, நாம் வாழும் இக்கனடா நாட்டில் எடுக்கப்பட்டிருக்கிறது. 'கர்ட்டன்ஸ்' என்பது அதன் பெயர். 'திரைச்சீலைகள்' என்பது நேர்ப்பொருள்.

முகமூடி அணிந்த ஒருவர் பலரை ஒருவர்பின் ஒருவராகக் கொல்லும் 'ஸ்லாஷர்' வகையைச் சேர்ந்தது இப்படம். கொலையாளி யார் என்னும் புதிரைக் கடைசிவரை காப்பதால் துப்பறியும் கதையின் இயல்பும் இதற்கு உண்டு. இருவேறு கைகளால் எடுத்து ஒட்டப்பட்ட, ஒழுங்கு குலைந்த படம் என்பதே இதன்மீது வழமையாகக் கூறப்படும் குறை. அக்குறை உண்மையானது. ஆயினும், நடிகையைத் தேர்ந்தெடுத்தல் என்னும் செயலுக்குள் உறைந்திருக்கும் வன்முறையை இதனளவு நேராகக் காட்டிய மலிவுச் செலவுப் படங்கள் மிகச் சில என்பதும், இப்படத்தின் குலைவே அதற்கொரு சான்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. தயாரிப்புப் பின்னணி

1974இல் கனடிய அரசு உள்நாட்டுத் திரைப்படங்களில் இடப்படும் முதலை முழுமையாக, நூற்றுக்கு நூறு, வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள இடமளித்தது. திரைக்கலையில் நாட்டமில்லாதவர்களும் வரியைக் குறைக்கும் பொருட்டுப் படங்களில் பணமிட்டனர். குறைந்த செலவில் விரைவாக எடுத்து அமெரிக்கச் சந்தையில் விற்கத்தக்க வகைகளைத் தயாரிப்பாளர் நாடினர். 'ப்ரொம் நைட்' (1980), 'மை பிளடி வலன்டைன்' (1981) முதலிய கனடியத் திகிற்படங்கள் இச்சூழலில் பிறந்தவை. ஒரு கலைவகையின் பெருக்கத்துக்கு மக்கள் சுவை மட்டுமன்றி வரிச்சட்டமும் காரணமாகலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

'ப்ரொம் நைட்' படத்தைத் தயாரித்த பீற்றர் சிம்சனே 'கர்ட்டன்ஸ்' படத்தையும் தயாரித்தார். கதைவசனம் ராபர்ட் கூசா. இசை போல் சாசா. லூயி மாலின் 'அட்லாண்டிக் சிட்டி' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ரிச்சர்ட் சியுப்காவுக்கு இயக்குநராக இதுவே முதற்படம். அவர் முதிர்ந்த பார்வையாளருக்கான உளவியற் படம் ஒன்றை விரும்பினார். தயாரிப்பாளர் சந்தைக்கேற்ற கொலைப்படத்தை விரும்பினார். 1980இல் தொடங்கிய பணி இடைமுறிந்து, சியுப்கா விலகியபின் புதுக்காட்சிகள் சேர்க்கப்பட்டு, 1983இல் படம் வெளிவந்தது. சியுப்கா தம் பெயரை இட மறுத்தார். அதனால் இயக்குநர் பெயராகத் திரையில் தோன்றுவது 'ஜொனதன் ஸ்ட்ரைக்கர்'. அது கதைக்குள் வரும் கற்பனை இயக்குநரின் பெயர்! கதைக்குள் கொல்லப்படும் ஒருவரே படத்தை இயக்கியவராகக் குறிக்கப்படும் விந்தை இவ்வாறு நேர்ந்தது.

2. கதைப்பின்னல்

புகழ்பெற்ற நடிகை சமந்தா ஷெர்வுட் (சமந்தா எகர்), 'ஆட்ரா' என்னும் மனநோயுற்ற பெண்ணின் வேடத்தை ஏற்க விரும்புகிறாள். வேடத்தை உள்ளிருந்து உணரும்பொருட்டு, இயக்குநர் ஸ்ட்ரைக்கரின் (ஜோன் வேர்னன்) துணையுடன் பைத்தியம்போல் நடித்து மனநல மருத்துவமனையில் சேர்கிறாள். ஸ்ட்ரைக்கரோ அவளை அங்கேயே விட்டுவிட்டு, அதே வேடத்துக்கு வேறு ஆறு பெண்களைப் பனிசூழ்ந்த தன் மாளிகைக்கு அழைக்கிறான். ஒருத்தி புறப்படுமுன்னரே கொல்லப்படுகிறாள். வந்து சேர்பவர் ஐவர்: முதிர்ந்த நடிகை, நடனமணி, இசைக்கலைஞர், பனிச்சறுக்காட்ட வீராங்கனை, மேடையில் நகைச்சுவை நிகழ்த்தும் பட்டி ஓ'கொனர் (லின் கிரிஃபின்). மருத்துவமனையிலிருந்து தப்பிய சமந்தா அழைப்பின்றி ஆறாமவளாக வருகிறாள். பின்னர்க் கொலைகள் தொடர்கின்றன.

புதிரின் விடை ஒன்றன்று, இரண்டு. ஸ்ட்ரைக்கரையும் முதிர்ந்த நடிகை புரூக்கையும் சுட்டவள் சமந்தா. ஏனையோரைக் கொன்றவள் பட்டி. ஒருத்தி செய்ததை மற்றவள் அறியாள். சமையலறையில் மதுக்கிண்ணத்துடன் அமர்ந்து சமந்தா தன் செயலைக் கூற, தன் பங்கைக் கூறிவிட்டுப் பட்டி அவளையும் குத்துகிறாள். இறுதிக்காட்சியில் பட்டி மனநல மருத்துவமனையில் நோயாளர் முன் தன் நகைச்சுவையை நிகழ்த்துகிறாள்.

3. அரங்கேற்றமும் தேர்வும்

தேர்வு என்பது திறனை அளக்கும் முறை என்றே எல்லாத் திரைத்துறைகளும் கூறுகின்றன. இப்படத்தில் ஸ்ட்ரைக்கர் அளப்பது பணிவை. உடலையும் அச்சத்தையும் அவன் கேட்கிறான். எதைக் கொடுத்தால் வாய்ப்புக் கிட்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை. சொல்லப்படாத அவ்விதியே ஐவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்குகிறது.

தமிழ் மரபில் இதற்கு அயலில் வைத்து எண்ணத்தக்க இடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. ஐந்தாண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் அகவையில் மன்னன்முன் ஆடுகிறாள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் அவ்வரங்கில் உண்டு. அவள் பெறுவன தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். ஆனால் காதை அங்கு முடியவில்லை. அதே விலையுள்ள மாலையைக் கூனி நகர வீதியில் விற்க நிற்கிறாள். வாங்குபவனுக்கு மாதவி உரியவள். கலைக்கு இடப்பட்ட மதிப்பும் கலைஞரின் உடலுக்கு இடப்பட்ட விலையும் ஒன்றாகிவிடும் கணத்தை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. எனினும் மாதவிக்கு ஆசிரியர்கள் இருந்தனர். அரங்கின் அளவும் ஆடலின் இலக்கணமும் வரையறுக்கப்பட்டிருந்தன. ஸ்ட்ரைக்கரின் மாளிகையில் இலக்கணம் இல்லை. மாலை மட்டுமே இருக்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று, வேறுபாடே கருதத்தக்கது.

4. கிழவியின் முகம்

பட்டி அணியும் முகமூடி, தோல் சுருங்கிய கிழவியின் முகம். 'திரை' என்பதன் மூன்றாம் பொருள் இங்கே உயிர்பெறுகிறது. படத்தின் புகழ்மிக்க காட்சியில், உறைந்த குளத்தின்மேல் கிறிஸ்டி தனியே சறுக்கி ஆடுகிறாள். வெட்டவெளி, பகல் வெளிச்சம். தொலைவில் அதே பனிமேல் சறுக்கியவாறு கிழமுகம் ஒன்று, கையில் அரிவாளுடன், மெதுவியக்கத்தில் நெருங்குகிறது. இவ்வகைப் படங்கள் பெரிதும் நம்பும் இருளோ ஒளிவிடமோ இங்கு இல்லை. இளம்பெண் தனக்குரிய கலையில், தனக்குரிய களத்தில் நிற்கும்போது, முதுமை அதே கலையைக் கற்றுக்கொண்டு அவளை நோக்கி வருகிறது.

திரைத்துறையில் பெண்ணுக்கு முதுமை ஏன் இத்தனை கொடிது? சமந்தாவின் நிலையே விடை. அவளுடைய திறன் குறைந்ததாகப் படம் எங்கும் காட்டவில்லை. அவளுக்குப் பதிலாக வேறு பெண்கள் கிடைக்கிறார்கள் என்பதே அவள் குற்றம். கிழமுகத்தின்கீழ் இளையவளான பட்டி இருப்பதும் கருதத்தக்கது. இன்று இளையவளாய் இருப்பவள் நாளை அணியவேண்டிய முகத்தை இன்றே அணிந்து கொல்கிறாள். முதியவளும் இளையவளும் கொலையாளிகளாக இருந்தும் ஒன்று சேராமல் போவது கதையின் பிழையன்று. அவர்கள் ஒருவரையொருவர் காணவிடாமல் நடுவில் தொங்குவது ஸ்ட்ரைக்கரின் தேர்வு என்னும் திரை.

5. குறைகள்

படத்தின் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. ஐவரில் பட்டியும் புரூக்கும் ஒழிந்த பிறருக்கு உள்ளம் என ஒன்று வழங்கப்படவில்லை. அவர்கள் கொல்லப்படுவதற்கென்றே வருகிறார்கள். தேர்வின் கொடுமையைக் கண்டிக்கும் படம், தானும் அப்பெண்களை ஸ்ட்ரைக்கரின் கண்ணாலேயே பல இடங்களில் நோக்குகிறது. மனநல மருத்துவமனைக் காட்சிகள் நோயாளரை அச்சப்பொருளாக்குகின்றன. இன்றைய நோக்கில் அவை ஏற்கத்தக்கன அல்ல. இரு படப்பிடிப்புகளின் ஒட்டு பலவிடங்களில் புலப்படுகிறது. இறுதிப் பெயர்ப்பட்டியல்கூட 'முதல் அங்கம்', 'இரண்டாம் அங்கம்' என இரு குழுவினரைப் பிரித்தே காட்டுகிறது. எனினும் தாரா என்பவள் நாடகப் பொருட்களும் பொம்மைகளும் குவிந்த கிடங்கில் ஓடி ஒளியும் நெடுங்காட்சி, பொய்ப்பொருட்களின் நடுவே மெய்யான உயிர் ஒன்று ஒளிய இடமின்றித் தவிப்பதைச் சொல்லின்றி உணர்த்துகிறது.

முடிவுரை

தன் பெயரை நீக்கிக்கொண்ட இயக்குநர், அவர் எண்ணத்தை வெட்டி ஒட்டிய தயாரிப்பாளர், கதைக்குள் வேடத்துக்காக அழியும் பெண்கள் என மூன்று நிலையிலும் ஒரே வினா எழுகிறது: ஒரு படைப்பு நிகழும்பொருட்டு யாருடைய இடம் பறிக்கப்படுகிறது? இவ்வினா நமக்கும் உரியது. லெனின் எம். சிவத்தின் '1999' (2009) முதலாக ரொறன்ரோத் தமிழர் எளிய முதலீட்டில் முழுநீளப் படங்களை எடுத்துவருகின்றனர். சிறு முதலீட்டில் ஊதியமும் ஒப்பந்தமும் குறையும்போது 'வாய்ப்பு' என்னும் சொல்லே கூலியாகிவிடும் இடர் எந்தச் சமூகத்துக்கும் உண்டு. தேர்வின் விதிகளை முன்கூட்டியே எழுதி, வருவோர் கையில் கொடுத்தல் செலவில்லாத செயல். ஸ்ட்ரைக்கர் செய்யத் தவறியதும் அதுவே.

திரைப்படத்தையும் தோற்சுருக்கத்தையும் ஒரே சொல்லால் வழங்கும் மொழி நம்முடையது. மூத்த நடிகைக்குத் திரையில் இடமின்றிப் போவதைக் குறித்து முதலில் வினவவேண்டியவரும் நாமே.