வேதாளரும் வேதாளையும்

சிறுவர் படிக்கும் படக்கதைகள் திறனாய்வுக்கு உரியன அல்ல என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும், காடு என்றால் என்ன, கடல் என்றால் என்ன, வீரன் என்பவன் யார் என்னும் எண்ணங்களைச் சிறுவர் நெஞ்சில் முதலில் பதித்தவை பெரும்பாலும் அவையே. பாடநூல் புகாத இடத்திலும் அவை புகுந்தன. ஆதலின், காட்டு வீரக் கதைகளுள் பெரும்புகழ் பெற்ற வேதாளர் கதையின் வரலாற்றையும், அது தமிழுக்கு வந்தவாற்றையும், தமிழர் அதனைப் படிக்கவேண்டிய முறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கதை பிறந்த வகை

ஆங்கிலத்தில் 'பேண்டம்' எனப் பெயர் பெற்ற இவ்வீரனைப் படைத்தவர் லீ ஃபாக் என்னும் அமெரிக்கர். செய்தித்தாளில் நாள்தோறும் வரும் படத்தொடராக 1936 பிப்ரவரி 17-ஆம் நாள் அது தொடங்கிற்று. முதற்கண் படம் வரைந்தவர் ரே மூர். 1939-இல் ஞாயிறுதோறும் வரும் தொடரும் பிறந்தது. 1999-இல் மறையும் வரை ஃபாக் அக்கதையை எழுதிவந்தார்.

கிறிஸ்டபர் வாக்கர் என்னும் ஆங்கில இளைஞனே இம்மரபின் முதல்வன். அவன் தந்தை கொலம்பசின் கப்பலில் சிற்றாளாய் இருந்தவன். கடற்கொள்ளையர் தாக்கித் தந்தையைக் கொன்றுவிட, மைந்தன் மட்டும் கரையொதுங்குகிறான். கானகக் குள்ளர் அவனைக் காக்கின்றனர். கொலைஞனின் மண்டையோட்டைத் தொட்டு, கொள்ளையையும் கொடுமையையும் ஒழிக்கத் தானும் தன் வழியினரும் உழைப்போம் என்று அவன் சூளுரைக்கிறான். அதன்பின் தந்தை இறந்தால் மைந்தன் அதே முகமூடியை அணிகிறான். இருபத்தொரு தலைமுறை கடந்தும், சாகாத ஒருவனே வாழ்கிறான் என்று கானகத்தார் நம்புகின்றனர்.

இவ்வீரனுக்கு மாய ஆற்றல் எதுவும் இல்லை. உடல் வலியும் பிறர் கொண்ட நம்பிக்கையுமே அவன் படை. சாகும் மாந்தர் பலர் கூடிச் சாகாப் புகழ் ஒன்றை உண்டாக்குகின்றனர் என்னும் இக்கருத்தே கதையின் உயிர். இக்கருத்தின் அழகை யாரும் மறுக்க இயலாது.

பெயர் பெற்ற மாற்றம்

'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனம் 1964 மார்ச்சில் 'இந்திரஜால் காமிக்ஸ்' இதழைத் தொடங்கியபோது முதல் 32 இதழ்களில் இவன் கதைகளே இடம்பெற்றன. வங்கத்தார் இவனை 'அரண்யதேவ்' என்றனர். தமிழில் 'வேதாளர்' என்ற பெயர் வழங்கியது. 1984-இல் தொடங்கிய 'ராணி காமிக்ஸ்' இதழிலோ இவன் 'மாயாவி' ஆனான். இப்பெயர்களுள் எது பொருத்தம்?

வங்கப் பெயர் மனிதனைக் காட்டுத் தெய்வமாக்கிவிடுகிறது. 'மாயாவி' அவனிடம் இல்லாத மாயத்தை ஏற்றிச் சொல்கிறது. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளமோ எத்தனை முறை பிடிபட்டாலும் மீண்டும் மரமேறுவது. முடிந்தது என்று எண்ணும்போது முடியாதிருப்பது. தலைமுறைதோறும் மீண்டு வரும் வீரனுக்கு இதனினும் நல்ல பெயர் அரிது. இறுதியில் நின்ற 'அர்' விகுதி அச்சத்தை மதிப்பாக மாற்றிவிட்டது. பெயரிட்டவர் மொழிநுட்பம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. ஃபாக்கின் மூலத்தில் நாட்டின் பெயர் 'பெங்காலி'. கொள்ளையர் 'சிங்' கூட்டத்தார். கொலைஞன் பெயர் 'ராமா'. இந்திரஜால் பதிப்பில் இவை முறையே 'டெங்காலி', 'சிங்கா', 'ராமாலு' ஆயின. காரணம் ஊகித்தற்கு அரிதன்று. ஒரு நாட்டை வைத்துப் புனைந்த கதையை அந்நாட்டிலேயே விற்க, அதன் பெயரை மறைக்க வேண்டியதாயிற்று! பின்னர் ஃபாக்கே தம் கானகத்தை ஆப்பிரிக்காவுக்கு மாற்றி, லமாண்டா லுவாகா என்னும் மண்ணின் மைந்தரை அதன் அதிபராக்கினார். காலம் கதையைத் திருத்தியது என்க.

பினாங்கில் வாழும் நமக்கு இப்பெயர்கள் வேறுவகையிலும் வியப்பூட்டுவன. சீக்கியர் காவலராய்ப் பணிபுரிந்த ஊர் இது. அக்காவலர் வழிபட்ட குருத்வாரா இன்றும் இங்கே நிற்கிறது. கதையிலோ காவலர் பெயரே கள்வர்க்கு வாய்த்தது. வீரனைக் காத்த குள்ளர்க்குப் பெயர் 'பந்தர்'. மலாய் மொழியில் 'பண்டார்' என்றால் நகரம். பதிற்றுப்பத்திலே பந்தர் என்பது முத்துக்குப் பெயர்போன துறைமுகம். இந்தியிலோ அச்சொல்லுக்குக் குரங்கு என்று பொருள்; கிப்ளிங்கின் நூலில் வரும் குரங்குக் கூட்டமும் 'பந்தர்-லோக்' எனப்படுவதே. உயிர்காத்த மக்களுக்கு இப்பெயரோ என்று தமிழ்ச் சிறுவன் கேட்கவில்லை. அவன் செவிக்கு அவ்விழிவு எட்டவில்லை.

1536-ஆம் ஆண்டுக் கடல்

இனி, கதையின் காலத்தை நோக்குவோம். வாக்கர் சூளுரைத்த ஆண்டாகப் பிற்காலக் கதைகளில் நிலைபெற்றது 1536. அக்காலத்தில் நம் கடல் எவ்வாறு இருந்தது? போர்த்துகீசியர் 1511-இலேயே மலாக்காவைக் கைப்பற்றிவிட்டனர். அவர்தம் அனுமதிச்சீட்டு இல்லாத கப்பல்களைப் பிடித்தனர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் சார்பில் அவர்களை எதிர்த்துக் கடலில் நின்றவர் மரைக்காயர். எதிர்த்தவர்க்குப் போர்த்துகீசியர் இட்ட பெயர் கடற்கொள்ளையர் என்பதே. கதையில் சூளுரைத்து இரண்டே ஆண்டுகளில், 1538-இல், மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரைச் சிற்றூரில் மரைக்காயர் படை போர்த்துகீசியரிடம் பெருந்தோல்வி கண்டது. அவ்வூரின் பெயர் வேதாளை!

பெயரொப்புமை தற்செயலே, அதில் பொருள் தேடுதல் வேண்டா. ஆனால் கேள்வி தற்செயலானதன்று. வெள்ளை வீரன் காவலனாகவும் கீழைக் கடலோடி கொள்ளையனாகவும் கதையில் நிற்கின்றனர். வென்றவர் எழுதிய வரலாற்றின் பார்வையும் அதுவே. ஃபாக் வேண்டுமென்றே இழிவு செய்தார் என்று யாம் கூறவில்லை. தம் காலத்தில் கிடைத்த பார்வையை அவர் ஐயுறாது எடுத்துக்கொண்டார். அதனை நாமும் ஐயுறாது படித்தோம்.

மரைக்காயர் நமக்கு அயலார் அல்லர். 1801-இல் நம் நகரின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் மைதீன் பெயரோடு சேர்ந்த 'மெரிக்கன்' என்பது 'மரைக்காயர்' என்ற சொல்லின் திரிபே. அப்பெயர் தாங்கிய குடும்பங்கள் இன்றும் பினாங்கில் உள்ளன. வேதாளரின் இருபத்தொரு தலைமுறையை ஒப்புவிக்கும் சிறுவன், தன் தெருவில் வழங்கும் பெயருக்குள் ஒரு கடற்போர் உறங்குவதை அறியாதிருக்கிறான். இழப்பு என்பது இதுவே.

இதற்காகப் படக்கதையைப் பறித்துவிட வேண்டுவதில்லை. ஆசிரியர்கள் அதனை வகுப்பறைக்கே கொண்டுவரலாம். நிலப்படத்தை விரித்து, "இக்கடல் எது? இவரைக் கொள்ளையர் என்றவர் யார்?" என்று இரண்டே கேள்விகள் கேட்கலாம். கதையின் சுவை குறையாது. படிப்பவன் அறிவு கூடும். விக்கிரமனின் வேதாளமும் கதையை முடித்துக் கேள்வி கேட்டதேயன்றோ?