எண்ணூர் சாலையும் ஒரு லட்ச ரூபாயும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியே எண்ணூர் செல்லும் சாலையை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து, கன்டெய்னர் லாரிகள் அங்கே பல ஆண்டுகள் வரிசைகட்டி நின்றதுண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஸ்கூட்டர் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். இருளில் நிற்கும் லாரியைக் கண்டு, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் தீர்ந்துவிடுகிறது! அப்படியிருக்க, பழி முழுவதையும் ஓட்டுநர்மேல் போடுவது நியாயமா?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலை அமைப்பு விதிகளை மீறியதால் உயிர்ச்சேதம் அல்லது ஊனம் நேர்ந்தால், பொறுப்பானவருக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. நல்லதே. ஆனால், இது உயிர் போனபின் விழிக்கும் சட்டம். விளக்கையும் லாரி நிறுத்துமிடத்தையும் முன்னரே சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடுவதே உண்மையான கண்காணிப்பாகும்.