பதுளை என்னும் சொல்லும் பி.ஓ.ஐ. நிரலகமும்

நிகழ்த்துகைக் கோப்புகளைப் பகுத்து வாசிக்கும் நிரலகங்களுள் அப்பாச்சி பி.ஓ.ஐ. காலத்தால் மூத்தவற்றுள் ஒன்று. 2001இல் தொடங்கிய அம்முயற்சியில், பழைய பவர்பொயின்ற் கோப்புகளுக்கென எழுந்த பகுதிக்கு அதனை ஆக்கியோர் ‘கொடிய படவில்லை அமைப்பு’ எனப் பொருள்படும் பெயரையே சூட்டினர். மைக்ரோசொவ்ற் நிறுவனம் அவ்வமைப்பின் விளக்கத்தை 2008இலேயே வெளியிட்டது என்பதை நோக்குமிடத்து அவர்தம் எரிச்சல் நியாயமானதே. அந்நிரலகத்தின் ஆற்றலை ஐயுறுவதற்கில்லை. ஆயின் ஊவாத் தோட்டப்புறத் தமிழுக்கு அது என்ன செய்கின்றது என்பதே இவண் வினா.

பசறைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் பாமினி எழுத்துருவிற் பாடமொன்றை அமைத்தார் எனக் கொள்வோம். திரையில் ‘பதுளை’ எனத் தோன்றுவது, கோப்பினுள் ஜி, ஜே, ஐ, எஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளே. அவற்றைத் தமிழாக்குவது எழுத்துருவின் பெயர் ஒன்றே. அப்பெயரோ பழைய கோப்பில் உரையோடன்றி வேறொரு பதிவில் வைக்கப்பட்டுள்ளது. யூனிகோட் தமிழை எழுத்துக்கு இரண்டு பைற்றாகச் சேமிக்கும் கோப்பு, பாமினித் தமிழை ஆங்கிலத்தைப் போலவே ஒரு பைற்றில் அடக்கிவிடுகின்றது. பி.ஓ.ஐ.யின் உரைபிரிப்பான் உரையைத் தந்து எழுத்துருவைக் கைவிடுகின்றது. விளைவு: பாடம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குவியல். மின்னூலகமொன்றில் அதனை இட்டு, ‘பதுளை’ எனத் தேடுவார்க்கு அது ஒருகாலும் அகப்படாது.

கோப்பில் இருப்பதையே நிரலகம் தருகின்றது எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதம் பாதியே உண்மை. எழுத்துருவின் பெயரும் கோப்பில் இருப்பதுதானே? பத்தாம் நூற்றாண்டுப் பதுளைத் தூண் கல்வெட்டை வாசிக்கப் புகுவோன் அதன் எழுத்துமுறையை நிச்சயிக்காது ஒலிகளைப் படிக்க முற்படான். ஈண்டு அம்முதற்படியே விடப்படுகின்றது. இத்தனைக்கும், ஒவ்வோர் உரைத்துண்டின் எழுத்துருவையும் கேட்டறியும் வழி அதே நிரலகத்தில் உண்டு. புதிய வகைக் கோப்பிலே தாய்ப்படவில்லையிலிருந்து வழிவரும் பெயரையும் அது தேடித் தருகின்றது. குறை அறிவின்மையன்று, எளிய வாயிலிற் புகுவோர்க்கு அவ்வறிவை மறைத்தமையே.

துண்டுதோறும் மாற்றவேண்டும் என்பதும் வற்புறுத்தற்பாலது. ஒரே வரியில் ஆங்கிலச் சொல்லொன்று வேறு எழுத்துருவில் வருமாயின், வரி முழுவதையும் மாற்றுவோன் அவ்வாங்கிலத்தைச் சிதைப்பான். மேலும் பாமினியில் ஐகாரக் குறி மெய்க்கு முன் நிற்க, யூனிகோட்டிலோ பின் நிற்கும். ஆதலின் ‘ளை’ என்பதை மாற்றுகையில் வரிசையையும் திருப்புதல் வேண்டும்.

எவரேனும் எழுத்துருவின் பெயரையே மாற்றிவிட்ட கோப்புகள் எஞ்சுகின்றன. அங்கும் ஒரு தடயம் உண்டு. பாமினியில் மெய்ப்புள்ளி அரைப்புள்ளிக் குறியால் எழுதப்படுவது. ஆங்கிலச் சொல்லின் நடுவில் அரைப்புள்ளி வருவதில்லை.