கயிற்றுவேலியும் தொட்டுப்பார்க்கிறவர்களும்: ‘வால்டன் டூ’வை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பி.எஃப். ஸ்கின்னரின் ‘வால்டன் டூ’ 1948இல் வெளியான நாவல். இதை நாவல் என்று சொல்ல இலக்கிய வாசகர்கள் ரொம்பவே கூச்சப்படுவார்கள். ஆறு பேர் ஒரு கூட்டுச் சமூகத்தைப் பார்க்கப் போகிறார்கள். பர்ரிஸ் என்கிற பேராசிரியர், காஸில் என்கிற தத்துவ ஆசிரியர், யுத்தத்திலிருந்து திரும்பிய இரண்டு இளைஞர்கள், அவர்கள் கட்டிக்கொள்ள இருக்கும் பெண்கள். அந்தச் சமூகத்தை உண்டாக்கிய ஃப்ரேசியர் இவர்களைச் சுற்றிக்காட்டிப் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். காஸில் மறுத்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் பர்ரிஸ் ஊருக்குப் போகாமல் கால்நடையாகத் திரும்பி வந்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை.

ஆனால் இந்தப் பிரதியைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் அந்தச் சமூகத்தில் கூலி கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் நான்கு மணிநேர வேலை. வேலையை மணிநேரத்தால் அல்லாமல் உழைப்புப் புள்ளிகளால் கணக்கிடுகிறார்கள். யாரும் விரும்பாத வேலைக்குப் புள்ளி அதிகம். சாக்கடை சுத்தம் செய்கிறவர் இரண்டரை மணிநேரத்துக்கும் குறைவாக உழைத்தால் போதும், அன்றைய கணக்கு முடிந்தது. மலம் அள்ளுவதைப் பிறப்போடு கட்டிவைத்திருக்கும் ஒரு நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவருக்கு ‘இதில் என்ன தப்பு?’ என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போதும் அந்தப் பக்கங்களின் மீது எனக்கு மரியாதை உண்டு.

தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. புல்வெளியை வெட்ட அங்கே இயந்திரம் இல்லை, ஆடுகள் மேய்கின்றன. முதலில் அவற்றைச் சுற்றி மின்சாரக் கம்பி கட்டினார்கள். ஆடுகள் தொட்டன, அதிர்ச்சி வாங்கின, ஒதுங்கக் கற்றுக்கொண்டன. பிறகு கம்பியை எடுத்துவிட்டு வெறும் கயிற்றைக் கட்டினார்கள். ஆடுகள் அதற்கும் ஒதுங்கி நின்றன. புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு மின்சாரம் என்றால் என்னவென்றே தெரியாது. தாய் ஒதுங்குவதைப் பார்த்து அவையும் ஒதுங்கின. நாவலின் தொடக்கத்தில், ஏதோ பண்ணைச் செய்தி போல இது சொல்லப்படுகிறது. என் வாசிப்பில் முழு நாவலும் இந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது.

2

இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பி.எட். பாடப்புத்தகங்களில் ‘ஆக்கநிலையுறுத்தல்’ என்று ஒரு சொல் வரும். மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, அன்றைக்கே மறந்துவிடுகிற சொல். ஊர்ச்சொல் இதைவிடத் தெளிவு: பழக்குவது. மாட்டை ஏருக்குப் பழக்குவது மாதிரி.

ருஷ்யாவின் பாவ்லோவ், சாப்பாட்டோடு ஒரு சத்தத்தையும் சேர்த்துத் தந்தால் பிறகு சத்தத்துக்கே நாய் எச்சில் ஊறும் என்று காட்டினார். அமெரிக்காவின் வாட்சன் இதைக் குழந்தையிடம் கொண்டுவந்தார். 1920இல் வெளியான அவருடைய பரிசோதனையில், ஆல்பர்ட் என்று புனைபெயரிடப்பட்ட, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை வெள்ளை எலியைத் தொடப்போகும்போது பின்னால் நின்று இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைக்குள் எலியைப் பார்த்தாலே குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு முயலுக்கும் ரோமக் கோட்டுக்கும்கூட அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே பரிசோதனை முடிந்துவிட்டது. வாட்சன் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். பயத்தை உண்டாக்கக் கற்றவருக்கு ஆசையை உண்டாக்கும் வேலை.

ஸ்கின்னரின் எலியும் புறாவும் வேறு வகை. முன்னால் வருகிற சத்தத்தைவிடப் பின்னால் வருகிற பலன்தான் அங்கே முக்கியம். நெம்புகோலை அழுத்தினால் தீனி. தீனி கிடைத்த செயல் திரும்பத் திரும்ப நடக்கும். இதைத்தான் ‘வலுவூட்டல்’ என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தீனி தர வேண்டும் என்பதுகூட இல்லை. எப்போது வரும் என்று தெரியாதபடி எப்போதாவது தந்தால் அந்தப் பழக்கம் ரொம்ப லேசில் அழியாது. சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவரை எழுப்ப முடியாததற்குக் காரணம் இதுதான். நாவல் வந்த அதே 1948இல் ஸ்கின்னர் இன்னொன்றும் எழுதினார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனியைப் போட்டார். எட்டில் ஆறு புறாக்கள், தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று வட்டமடித்தது, ஒன்று மூலையில் தலையை முட்டியது. ஸ்கின்னர் இதற்கு வைத்த பெயர் ‘மூடநம்பிக்கை’.

தண்டனையை ஸ்கின்னர் விரும்பியவர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்டித்தால் அடங்குவான், ஆனால் எதிர்ப்பான், ஓடுவான். பரிசால் ஆள்வதில் இந்தத் தொல்லை கிடையாது. ஃப்ரேசியரின் வாதத்தின் உச்சம் இதுதான்: பரிசால் ஆளப்படுகிறவர்கள் தங்களைச் சுதந்திரமானவர்களாகவே உணர்கிறார்கள். அவர்களுக்குக் கலகம் செய்ய எதுவும் இருக்காது.

3

இதற்கு இலக்கியம் தந்த பதில்கள் நமக்குத் தெரியும். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932ஆம் வருஷ நாவலான ‘பிரேவ் நியூ வேர்ல்டு’வில், தவழ்ந்து போய்ப் புத்தகத்தையும் பூவையும் தொடும் குழந்தைகளுக்குச் சைரனும் மின் அதிர்ச்சியும் தருகிறார்கள். கீழ்ச்சாதிக் குழந்தைகள் ஆயுசுக்கும் புத்தகத்தை வெறுக்க வேண்டும் என்பதற்காக. அந்தோணி பர்ஜெஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1962) நாவலில், வன்முறையை நினைத்தாலே குமட்டும்படி ஓர் இளைஞனைப் பழக்கிவிடுகிறார்கள். தீமையைத் தேர்ந்தெடுக்க முடியாதவன் மனுஷனா என்று சிறைப் பாதிரியார் கேட்கிறார். சாம்ஸ்கி 1959இல் ஸ்கின்னரின் மொழிக் கொள்கைக்கு எழுதிய மதிப்புரையும் இந்த வரிசையில் சேரும். கேட்டிராத வாக்கியத்தையும் குழந்தை பேசுகிறதே, அதை எந்தத் தீனி கற்றுக்கொடுத்தது என்பது அதன் சாரம்.

சாம்ஸ்கியின் கேள்வி இன்றும் வலுவானது. ஆனால் பாதிரியாரின் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. ‘மனிதன் உள்ளுக்குள் சுதந்திரமானவன், அவனை யாரும் பழக்க முடியாது’ என்பது பழக்கப்படுத்தலின் வலியை அனுபவிக்காதவர்களின் தத்துவம். உடம்புகள் பழக்கப்படுகின்றன. எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும், யார் எதிரே வந்தால் துண்டு தோளிலிருந்து இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஆன்மாவில் எழுதப்பட்டவை அல்ல. காலிலும் தோளிலும் எழுதப்பட்டவை. இந்த ஒரு விஷயத்தில் மனிதநேயர்களைவிட ஸ்கின்னர் நமக்கு நெருக்கமானவர்.

அவரோடு பிரியும் இடம் அடுத்த அடியில் வருகிறது. 1845இல் ஃபாயர்பாக் பற்றிய மூன்றாவது குறிப்பில் மார்க்ஸ் இதைத் தொட்டிருக்கிறார். மனிதர்கள் சூழலின் விளைபொருள் என்கிறவர்கள், சூழலை மாற்றுகிறவர்களும் மனிதர்கள்தான் என்பதையும், கற்பிக்கிறவனுக்கும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அதனால் சமூகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை மற்றதற்கு மேலே உட்காரவைத்துவிடுகிறார்கள். ‘வால்டன் டூ’ எழுதப்படுவதற்கு நூறு வருஷம் முன்னால் எழுதிய மதிப்புரை என்று இதைச் சொல்லலாம். தான் இந்தச் சமூகத்தின் விளைபொருள் அல்ல என்று ஃப்ரேசியரே ஒப்புக்கொள்கிறார். ஒரு காட்சியில் பாறைமேல் சிலுவையில் அறையப்பட்டவரைப் போலக் கைவிரித்துப் படுத்துக்கொண்டு, கீழே தன் படைப்பைப் பார்த்துக் கடவுளோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். கிண்டல்தான். ஆனால் கிண்டலாக மட்டும் இல்லை.

இது கதைசொல்லும் முறையிலேயே தெரிகிறது. குழந்தைகளுக்கு ஆசையடக்கம் கற்றுத்தரும் பகுதி பிரசித்தம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் கழுத்தில் குச்சிமிட்டாயை மாட்டிவிடுகிறார்கள், சாயங்காலம்வரை நக்கக்கூடாது. பசியோடு வந்த பிள்ளைகள் ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். இவற்றை நாம் பார்ப்பதில்லை. ஃப்ரேசியர் சொல்லக் கேட்கிறோம். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட ‘எனக்குப் பசிக்குது’ என்று சொல்ல நாவலில் இடமில்லை. ஆட்டின் தரப்பும் இல்லை, குழந்தையின் தரப்பும் இல்லை. கயிறு கட்டியவரின் குரல் மட்டும் இருக்கிறது.

4

இதற்கு நேர் எதிரான ஒரு பிரதி தமிழில் இருக்கிறது: 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’. அதில் பள்ளிவிட்டு வரும் ஒரு சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், அதைக் கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் பணிவாகக் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கினார் என்று விளக்குகிறார். சிரிப்பு அடங்கிக் கோபம் வருகிறது.

மறுபடியும் நூல். ஆனால் இங்கே பேசுகிறவள் குட்டி. இன்னும் பழக்கப்படாத கண்ணுக்குப் பழக்கம் வேடிக்கையாகத் தெரிகிற அந்த ஒரு கணத்தை ஃப்ரேசியரின் நாவலால் எழுதவே முடியாது. பெரியவரைப் பார்த்து ஒதுங்கக் கற்பதற்குப் பதிலாக இந்தக் குட்டி, ‘எதுக்கு இப்படி?’ என்று கேட்டுவிடுகிறது. கற்றல் இரண்டு திசையில் போகக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கயிற்றுக் கதையில் இன்னொரு பொய்யும் இருக்கிறது. மின்சாரத்தை எடுத்த பிறகும் கயிறு தானாக வேலை செய்யும் என்கிறார் ஃப்ரேசியர். பாதி உண்மை. 1953இல் சாலமன், வின் என்ற இருவர் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனையில், விளக்கு மாறியதும் தடுப்பைத் தாண்டிக் குதிக்கக் கற்ற நாய்கள், அதிர்ச்சியை நிறுத்திய பிறகும் நூற்றுக்கணக்கான தடவை குதித்துக்கொண்டே இருந்தன. நின்று பார்த்தால்தானே அதிர்ச்சி இல்லை என்று தெரியும்? ஆகவே கயிற்றுக்கு ஆபத்து, தொட்டுப்பார்க்கிறவரிடமிருந்து மட்டும்தான் வரும். தொட்டுப்பார்த்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், 1968இல் கீழவெண்மணி எரிந்தது. தனித்தொகுதியான ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்தார்கள், 1997இல் மேலவளவில் வெட்டினார்கள். நம் ஊர்க் கயிறு வெறும் கயிறு அல்ல. யாராவது தொட்டால் அந்த நிமிஷம் மின்சாரம் வருகிற கயிறு. ஃப்ரேசியர் ‘மரபு’ என்று நினைப்பதன் மறுமுனையில் ஒரு கை சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கையை யார் பழக்கினார்கள்? கூண்டுக்குள் இருக்கிற எலியைத்தான் உளவியல் அளந்தது. ‘நான் நெம்புகோலை அழுத்தினால் இந்த ஆள் தீனி போடும்படி பழக்கிவிட்டேன்’ என்று எலி சொல்லும் பழைய கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. நாம் அதைச் சீரியஸாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் துண்டை இறக்கும் ஒவ்வொரு தடவையும் எதிரே வருகிறவருக்கு ஒரு சின்னத் தீனி விழுகிறது. எழுந்து நிற்கிறார்கள், வழி விடுகிறார்கள், ‘ஐயா’ என்கிறார்கள். அடிபடாமல், பரிசாலேயே பழக்கப்பட்டவர் இவர்தான். ஃப்ரேசியர் சொன்னது அப்படியே பொருந்துகிறது: இவர் தன்னைச் சுதந்திரமானவராகவே உணர்கிறார். அதற்குப் பெயர் ‘எங்க பெருமை’. ஒருநாள் தீனி விழவில்லையென்றால் கத்தியை எடுக்கிறார்.

தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டுவது 2019இல் பள்ளிக் கல்வித்துறைச் சுற்றறிக்கையிலேயே வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மற்ற பரிந்துரைகளோடு இந்தக் கயிறுகளையும் தடைசெய்யச் சொன்னது. செய்ய வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அறுப்பது பாதி வேலை. அந்தக் கயிற்றுக்காக வீட்டிலும் தெருவிலும் அந்தப் பையனுக்குக் கிடைக்கிற தட்டிக்கொடுத்தலை யார் நிறுத்துவது?

5

கடைசியாக நம்மைப் பற்றி. இயக்கங்களில் இருக்கிறவர்கள் ‘மக்களைப் பழக்க வேண்டும்’ என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். பயிற்சி முகாம், பாடத்திட்டம், சரியாகச் சொன்னவனுக்குக் கைத்தட்டல், தப்பாகச் சொன்னவனுக்கு மௌனம். தீனியின் வடிவம்தான் வேறு. எழுதுகிறவர்களுக்கு விருதும் மேடையும். எப்போது வரும் என்று தெரியாததால், நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருக்கிறோம்.

‘வால்டன் டூ’வைப் படித்துவிட்டு 1967இல் வர்ஜீனியாவில் ‘ட்வின் ஓக்ஸ்’ என்று ஒரு கூட்டுப்பண்ணையைத் தொடங்கினார்கள். மனிதரை வடிவமைக்கிற ஸ்கின்னரின் திட்டத்தைக் காலப்போக்கில் கைவிட்டார்கள், உழைப்புக் கணக்கை வைத்துக்கொண்டார்கள். சாக்கடைக்கு மதிப்பு இருக்கட்டும், பாறைமேல் படுத்திருக்கிற ஆள் வேண்டாம் என்று பிரதியைத் திருத்தி வாசித்தவர்கள் அவர்கள். இந்த நாவலுக்கு இதுவரை எழுதப்பட்ட விமர்சனங்களில் அதைத்தான் நான் சிறந்ததாகக் கருதுகிறேன்.

பழக்கங்கள் இல்லாத மனிதர் இல்லை, இருக்கவும் போவதில்லை. எந்தப் பழக்கத்தின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்பதைப் பழக்கப்படுகிறவரே கேட்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல். ஒரு நாவலையும் ஓர் இயக்கத்தையும் இந்தக் கேள்வியால் அளந்து பார்க்கலாம். அங்கே அந்தச் சிறுமி சிரிக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.