நாற்பது வேலிப் பாட்டு

தஞ்சை நாட்டு இசையைப் பற்றி எழுதப் புகுவோர் திருவாரூர் மும்மூர்த்திகளிடம் தொடங்கி அவர்களிடமே முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் காவிரிக் கரையில் பாட்டு ஒரே வாய்க்காலில் ஓடியதில்லை.

சீர்காழி வட்டாரத்தில் முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் (1711–1779) ஆகிய மூவரும் தமிழ்க் கீர்த்தனைக்கு உருக்கொடுத்தார்கள். மராட்டியர் வழி வந்த கதை சொல்லிப் பாடும் முறை தஞ்சையில் வேரூன்றி, பின்னர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் (1847–1903) காலத்தில் ஹரிகதையாக முழு வடிவம் பெற்றது. ஏட்டில் ஏறாத நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் இவற்றுக்கெல்லாம் முந்தியவை. இந்த வழிகள் எல்லாம் ஒரே மனிதரிடம் வந்து கூடிய இடம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரம்’.

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் என்று வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. திருவிடைமருதூரில் கனம் கிருஷ்ணையரின் பாட்டைக் கேட்டார். ராமதாஸ் என்பவரிடம் ஹிந்துஸ்தானி பயின்றார். அரண்மனை வித்துவான் என்ற பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. கவிராயரின் ராம நாடகத்துக்கு மெட்டமைக்கச் சட்டநாதபுரத்து இசைவாணர் இருவர் துணைநின்றார்கள். பாரதியார் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடினார். இந்த நாட்டில் பாட்டை எடைபோட மூன்று அளவுகோல்கள் உண்டு. மூன்றுக்கும் அவர் தனியாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வயல்

முதல் அளவுகோல் வயலுடையது. நடவு வயலில் பாட்டு என்பது வேலையின் பகுதி. குனிந்தபடி பின்னோக்கி நகர்ந்து நாற்று ஊன்றும் பெண்களில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மெட்டு சிக்கலானால் கை தடுமாறும், வரிசை கலையும். முதல் தடவை கேட்டவள் இரண்டாம் தடவை சேர்ந்து பாடிவிட வேண்டும். வயலின் இலக்கணம் அவ்வளவுதான்.

பாரதியார் நொண்டிச் சிந்தையும் கும்மியையும் எடுத்துக்கொண்டது இந்த இலக்கணம் தெரிந்துதான். நொண்டிச் சிந்தில் ஒரே மெட்டு கண்ணிக்குக் கண்ணி திரும்பி வரும். கேட்பவர் மெட்டைத் தேட வேண்டியதில்லை, கதையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். சேக்கிழார் விருத்தத்தில் விரித்த, நந்தனின் ஆதனூர்ச் சேரியை அவர் இந்தச் சிந்தில் இறக்கிவைத்தார். தில்லைவாழ் அந்தணரின் சபையை ஒருமுறையும் பார்த்திராத கூலியாளும் தன் தெருவை அதில் அடையாளம் கண்டிருப்பான்.

கதையிலும் அவர் துணிந்து கைவைத்தார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனின் வரலாறு 37 பாடல்களில் அடங்கிவிடும். அதில் பண்ணையார் கிடையாது. சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நந்தன் நிற்பதும், பண்ணையாரான வேதியர் மறுப்பதும், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று நிபந்தனை போடுவதும் பாரதியார் சேர்த்தவை. ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர், நாற்பது வேலி என்றால் 266 ஏக்கருக்கு மேல். ஒற்றை ஆளால் ஆகாத வேலை என்று தஞ்சை ஜில்லாவில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கக் கண்டு வேதியரே நந்தன் காலில் விழுகிறார். மிராசுதார் வீட்டு முற்றங்களிலும் இந்தக் கதை பாடப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டால்தான் அதன் துணிச்சல் புரியும்.

திண்ணை

இரண்டாவது அளவுகோல் புலவருடையது. திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அக்காலத்துத் தமிழுக்கு உச்ச நீதிமன்றம் மாதிரி. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பாரதியார் அவரிடம் போனார். இலக்கண வழுக்கள் மலிந்த நூல் என்று கருதிய பிள்ளை நாளைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு பகலில் பிள்ளை உள்ளே படுத்திருக்க, பாரதியார் வெளியே காத்திருந்தபடி தம் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்த செய்தி இது.

இதைப் புலமை தோற்று இசை வென்ற கதையாகச் சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. பாட்டு கேட்டதால் வழு வழுவாமல் போய்விடவில்லை. ஏட்டில் கண்டதை மட்டும் வைத்துப் பாட்டை எடைபோட முடியாது என்பதுதான் பிள்ளைக்குப் புலப்பட்டது. அவர் பிடி தளர்ந்துவிடவுமில்லை. 1871இல் தம்மிடம் பாடம் கேட்க வந்த சாமிநாதையர் பாரதியாரிடம் சங்கீதமும் கற்கிறார் என்று தெரிந்ததும், இசையில் இறங்கினால் இலக்கியத்தில் மனம் ஊன்றாது என்று சொல்லி நிறுத்திவிட்டார். நூல் அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். அதற்கு உதவியவர், காரைக்காலில் இருந்த சீசையா என்று நம்மவர் அழைத்த பிரெஞ்சு அதிகாரி.

மேடை

மூன்றாவது அளவுகோல் ராகம். திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போனபோது, ஆபோகியில் ஏதாவது செய்திருக்கிறீரா என்று அவர் கேட்டாராம். மறுநாளே ‘சபாபதிக்கு’ பிறந்தது என்பது வழிவழிச் செய்தி. மாஞ்சி என்றால் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘வருகலாமோ’. ராகத்தின் சாயல் முழுவதும் இருக்கிறது. தொண்டை வளம் குறைந்தவராலும் பாட முடிகிறது. இந்தச் சமன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மேடை அவரை மதித்தது, ஆனால் பாதியாக்கிவிட்டது. கச்சேரிக்கு ஏற்ற கீர்த்தனைகளைப் பொறுக்கிக்கொண்டு சிந்தையும் கும்மியையும் விட்டுவிட்டது. சினிமா கதையைக் காப்பாற்றியது: 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக நடிக்க, மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக வந்தார். 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனானார். சுப்பிரமணிய பாரதியார் தேசியப் பாடல்களுக்கு நந்தன் சரித்திர மெட்டுகளை எடுத்துக்கொண்டது, அவை எவ்வளவு பரவியிருந்தன என்பதற்குச் சான்று.

மறுவாசிப்பு

இருபதாம் நூற்றாண்டு நந்தனிடம் வேறு கேள்விகளைக் கேட்டது. அற்புதம் நடந்தால்தான் பண்ணையாள் விடுதலை பெறுவானா? கதையின் முடிவில் நந்தன் செய்வதுபோல் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக வேண்டுமா? புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ சிறுகதையிலும், கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்திலும் இவற்றை எழுப்பினார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, நந்தன் இறங்கிய நெருப்பைப் பக்திக் காட்சியாக மட்டும் பார்ப்பது கடினம். கேள்விகள் நியாயமானவை. ஆனால் பண்ணையாரையும் பண்ணையாளையும் எதிரெதிரே நிறுத்திக் கேள்விக்கு இடம் வைத்தவரும் கோபாலகிருஷ்ண பாரதியார்தான்.

ஒலிநாடாக் காலத்தில் வேதாரண்யம் பக்கத்திலிருந்து புறப்பட்ட புஷ்பவனம் குப்புசாமி உட்பட இன்று கிராமியப் பாட்டு பாடுவோர் அனைவரையும் இதே மூன்று அளவுகோல்களால் பார்க்கலாம். மண்வாசனை என்று பாராட்டிவிட்டுப் போவது விமர்சனமாகாது. சொல் நிற்கிறதா, மெட்டு தனதா, கேட்டவரால் சேர்ந்து பாட முடிகிறதா என்று மூன்றையும் கேட்க வேண்டும். தாளக் கருவியின் சத்தத்தில் சொல் முங்கிப்போகும் மேடைப் பாட்டுகள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பாரதியார் புலவரின் கோலில் சற்றுக் குறைந்தார். மற்ற இரண்டிலும் நிமிர்ந்து நின்றார். என் தீர்ப்பு அதுதான்.

டெல்டா மாவட்டங்களில் இசை விழா நடத்தும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு மாலையை ‘நந்தனார் சரித்திரம்’ முழுவதற்கும் ஒதுக்குங்கள். கீர்த்தனையைச் சங்கீத வித்துவான் பாடட்டும். சிந்தையும் கும்மியையும் நடவுப் பாட்டுப் பாடும் பெண்களிடம் கொடுங்கள். இரண்டு சாராருக்கும் ஒரே மேடை, ஒரே சம்பாவனை என்று வைத்துவிடுங்கள்.