மூடிய கையில் ஞானம் இல்லை

ஹாலிஎலத் தோட்டப் பக்கம் தீட்சை, உபதேசம் என்று வருகிறவர்களுக்காக வாதாடுவோர், கதிர்காமத்தைத்தான் பெரிய சான்றாக எடுத்துவைக்கிறார்கள். அங்கே முருகனே திரைக்குப் பின்னால் இருக்கிறான். உயர்ந்த ஞானமும் மறைவாகத்தான் இருக்கும் என்கிறார்கள்.

மறைப்புக்கும் நியாயம் உண்டு. சித்தர்கள் பரிபாஷையில் எழுதிவைத்த ரசமும் பாஷாணமும் அரைகுறையாகப் படித்தவன் கைக்குப் போனால் உயிர் போகும். மூச்சுப் பயிற்சியையும் ஆள் பார்த்துத்தான் சொல்லித்தர வேண்டும். இதில் தகராறு இல்லை.

கதிர்காமச் சான்றுதான் பொருந்தவில்லை. ஆடித் திருவிழாவில் யானைமேல் வரும் பேழை மூடியே வருகிறது. உள்ளே இருப்பது யந்திரம் என்பார்கள். பூசை செய்யும் கப்புறாளையைத் தவிர, துரையானாலும் கொழுந்தெடுக்கிறவளானாலும் ஒரே திரைக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். கும்பிட வந்தவர்களை அந்தத் திரை மேல், கீழ் என்று பிரிப்பதில்லை. உபதேச ரகசியமோ தெரிந்தவன், தெரியாதவன் என்று புதிதாக இரண்டு சாதியை உண்டாக்குகிறது.

அதைவிடப் பெரிய குறை, நான் பல காலமாகச் சொல்லிவருவது: ரகசியம் ஒருநாளும் தோற்பதில்லை. தாயத்தைப் பாருங்கள். செப்புத் தகட்டில் கீறி, சுருட்டி, கூட்டுக்குள் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கட்டித் தருகிறார்கள். திறந்து பார்த்தால் பலிக்காதாம். காய்ச்சல் நிற்காவிட்டால் வீட்டில் தீட்டு, அல்லது நம்பிக்கை போதாது. உபதேசமும் இதே அச்சுதான். பலன் வந்தால் குருவின் அருள். வராவிட்டால் சீடனுக்குப் பக்குவம் இல்லை. சொல்லிக்கொடுத்தவர்மேல் மட்டும் எப்போதும் பிழை வராது. கொழுந்து மடுவத்தில் தராசைத் துணியால் மூடிவிட்டு, இத்தனை கிலோதான் என்று கணக்கப்பிள்ளை சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

மறைப்பதுதான் மரபு என்பதும் சரியல்ல. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து பெற்றதை, இராமாநுசர் கோயில்மேல் ஏறி ஊருக்கே சொன்னார் என்கிறது வைணவ குருபரம்பரை. மகாபரிநிர்வாண சூத்திரத்தில் புத்தர், ஆசிரியனின் மூடிய கை தம்மிடம் இல்லை என்று ஆனந்தரிடம் சொல்கிறார். இருவரும் மறைத்துப் பெரியவர்களானவர்கள் அல்லர்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். எழுத்துக்கே அவ்வளவு காலம் காத்துக்கிடந்த லயங்களுக்கு ஞானத்தின் பெயரால் இன்னொரு பூட்டைக் கொண்டுவருவது கொடுமை. இதற்கு என்ன அர்த்தம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நம் பிள்ளைகள் நேருக்கு நேர் கேட்கட்டும். சபையில் பதில் சொல்ல முடியாதவருக்கு நாம் தட்சணை வைக்க வேண்டியதில்லை.